சைக்ளிக் ஏ.எம்.பி.யில் 98%, அரெஸ்டினில் 12%: இதை ஜி புரதச் சார்பு என்று எழுதலாமா?

எச்12 கேட்டது:

ம்யூ ஓபியாய்டு ஏற்பியில் (மார்ஃபின் போன்ற வலி மருந்துகள் ஒட்டும் செல் புரதம்) வேலை செய்யும் ஒரு சேர்மத்தின் தரவு கையில் இருக்கிறது. இந்த ஏற்பி ஜி புரதம், அரெஸ்டின் என்று இரண்டு வழிகளில் செய்தி அனுப்பும்; ஒரு மருந்து ஒரு வழியை மற்றதைவிட அதிகம் தூண்டுவதே ‘சார்பு’. இரண்டு சோதனைகள்.

முதலாவது சைக்ளிக் ஏ.எம்.பி. (செல்லுக்குள் செய்தி கடத்தும் மூலக்கூறு; ஜி புரத வழி தூண்டப்பட்டால் இது குறையும்). ம்யூ ஏற்பியை நிலையாகவும் ஏராளமாகவும் வெளிப்படுத்தும் எச்.இ.கே.293 செல்கள், 384 வெல் தட்டு, ஃபார்ஸ்கோலின் (சைக்ளிக் ஏ.எம்.பி.யை ஏற்றிவிடுவது) 10 மைக்ரோமோலார், ஐ.பி.எம்.எக்ஸ். (அது சிதையாமல் தடுப்பது) 500 மைக்ரோமோலார், 30 நிமிடம், எச்.டி.ஆர்.எஃப். என்ற ஒளிர்வு விகித முறை. டாம்கோவுக்கு (ஒப்பீட்டுக்கான முழுத் தூண்டி) இ.சி.50, அதாவது பாதி உச்சம் தரும் செறிவு, 1.2 நானோமோலார், அதன் உச்சத்தை 100% என்று வைத்தால் எங்கள் சேர்மத்துக்கு 3 நானோமோலார், 98%.

இரண்டாவது பீட்டா அரெஸ்டின்2 (தூண்டப்பட்ட ஏற்பியில் வந்து ஒட்டும் புரதம்). நொதித் துண்டுகள் சேர்ந்து ஒளி தரும் கிட், சி.எச்.ஓ. செல்கள், 90 நிமிடம். டாம்கோ 160 நானோமோலார், 100%. எங்கள் சேர்மம் சுமார் 400 நானோமோலார், 12%.

மென்பொருளில் ஆபரேஷனல் மாடல் (தூண்டும் பலத்தையும் பிணைப்பையும் பிரித்துக் கணிக்கும் சமன்பாடு) போட்டால் சார்பு எண் 210 என்று வருகிறது. 95% இடைவெளி 3-இல் தொடங்கி ஐயாயிரத்தைத் தாண்டிப் போகிறது. ‘ஜி புரதச் சார்புள்ள தூண்டி’ என்று கட்டுரையில் எழுதலாமா? எழுதுவதற்கு முன் வேறு என்ன சோதனை வேண்டும்? ஒலிசெரிடின் (ஜி புரதச் சார்புள்ளது என்று பேசப்பட்ட வலி மருந்து) மாதிரி மூச்சுக்குப் பாதுகாப்பானது என்று காட்ட எலிச் சோதனைக்குப் போவது பயன் தருமா?

பழைய_பிப்பெட் பதில்:

அந்த 210-ஐ முதலில் ஓரமாக வையுங்கள். கால்குலேட்டர் போதும். ஹில் சரிவு (வளைகோட்டின் செங்குத்து அளவு) 1 என்றால், உச்சத்தை இ.சி.50-ஆல் வகுத்து வருவதும் டௌ/கே.ஏ. விகிதமும் (டௌ தூண்டும் பலம், கே.ஏ. பிணைப்பு மாறிலி) ஒன்றுதான், ஒரு மாறிலி மட்டும் கூடுதல். டாம்கோவோடு ஒப்பிடும்போது அந்த மாறிலியும் அடிபட்டுப் போகும். சைக்ளிக் ஏ.எம்.பி.யில் 0.98 × (1.2 ÷ 3) = 0.392. அரெஸ்டினில் 0.12 × (160 ÷ 400) = 0.048. ஒன்றை மற்றதால் வகுத்தால் 8.2. அதாவது உங்கள் வளைகோடுகளுக்குள் இருப்பது 8 மடங்குதான். மீதியெல்லாம் கணிப்பு வழுக்கியதில் வந்தது. கூரையில் முட்டிய 98% வளைகோட்டில் டௌவையும் கே.ஏ.யையும் தனித்தனியாக மிதக்க விட்டால் இரண்டும் கைகோத்துக்கொண்டு எங்கே வேண்டுமானாலும் ஓடும். அடுத்த முறை டௌ/கே.ஏ.யின் லாக்கையே ஒற்றை அளவுருவாக வைத்துக் கணியுங்கள்.

அந்த 8 மடங்கையும் உடனே நம்பிவிட முடியாது. காரணம் சொல்கிறேன்.

உங்கள் எச்.இ.கே. செல்லில் ஏற்பி கொட்டிக் கிடக்கிறது. நூற்றில் ஓரிரண்டு ஏற்பி தூண்டப்பட்டாலே அடினைலேட் சைக்ளேஸ் (சைக்ளிக் ஏ.எம்.பி.யை உருவாக்கும் நொதி) அடங்கிவிடும். அந்த நிலையில் பலவீனமான தூண்டிக்கும் பலமான தூண்டிக்கும் உச்சம் ஒன்றுதான், இரண்டும் கூரையில் முட்டி நிற்கும். அரெஸ்டினில் அந்தப் பெருக்கம் கிடையாது: ஒரு ஏற்பி, ஒரு அரெஸ்டின். அங்கே சேர்மத்தின் சொந்தப் பலம் அப்படியே தெரியும். உங்கள் எண்ணையே பாருங்கள். டாம்கோ அந்தச் சோதனையின் முழு உச்சத்தைத் தொடுகிறது என்று வைத்தால், 12% உச்சத்துக்கு டௌ 0.14, கே.ஏ. ஏறக்குறைய 450 நானோமோலார். அதே சேர்மம் சைக்ளிக் ஏ.எம்.பி.யில் 3 நானோமோலாரில் பாதி உச்சத்தைத் தொடுகிறது. 150 மடங்கு இடப்பக்கம் தள்ளியது உபரி ஏற்பி. சேர்மத்தின் சாமர்த்தியம் என்று சொல்ல இதில் எதுவும் இல்லை.

‘பலவீனத்தை மாடல் சரிசெய்துவிடுமே’ என்று கேட்கலாம். இரண்டு வழிகளும் ஒரே வடிவ வளைவில் பெருகுகின்றன என்ற அனுமானம் நின்றால் சரிசெய்யும். அரெஸ்டினில் அது நிற்காது. ம்யூ ஏற்பியின் வாலில் பாஸ்பேட் ஏறுவது படிப்படியாக நடக்கிறது: முதலில் செரீன் 375, அதன் பிறகே திரியோனின் 370, 376, 379. டாம்கோ எல்லாப் படியும் ஏறும், அதற்கு பாஸ்பேட் ஏற்றும் நொதிகளான ஜி.ஆர்.கே.2-உம் 3-உம் வேண்டும். மார்ஃபின் பெரும்பாலும் 375-ஓடு நின்றுவிடும். பல பாஸ்பேட் சேர்ந்தால்தான் அரெஸ்டின் இறுகப் பிடிக்கும் என்பதால், பலம் பாதியானால் அரெஸ்டின் பாதியாவதில்லை, அடியோடு விழுகிறது. பலவீனம் சார்பு போல வேடம் போடுவது இந்த இடத்தில்தான்.

ஆகவே முதல் வேலை உபரியைக் கழிப்பது. பீட்டா ஃபனல்ட்ரெக்ஸமின் ம்யூ ஏற்பியில் கோவேலன்ட் பிணைப்பில் ஒட்டி அதை நிரந்தரமாக முடக்கும். 10, 30, 100, 300, 1000 நானோமோலார் என்று ஐந்து அளவுகளும் வெறும் கரைப்பானும் வையுங்கள். 37 பாகையில் 1 மணி நேரம், பிறகு மூன்று முறை கழுவல், கழுவல்களுக்கு இடையே 5 நிமிடம் விடுங்கள். ஒட்டாமல் தங்கிவிட்ட மருந்து சாதாரண எதிரி போல நடந்து இ.சி.50-ஐ வலப்பக்கம் தள்ளிவிடும், நீங்கள் ஏற்பி குறைந்ததாக நினைத்துக்கொள்வீர்கள். பிறகு வழக்கமான சைக்ளிக் ஏ.எம்.பி. வளைகோடு. டாம்கோவின் உச்சம் 100-இல் நிற்கும்போதே உங்கள் சேர்மத்தின் உச்சம் 60, 40 என்று சரிந்தால் அது பகுதித் தூண்டிதான். இரண்டும் சேர்ந்து சரிந்தால் சங்கதி வேறு.

இரண்டாவது, ஒப்பீட்டு மருந்துகள். டாம்கோ மட்டும் போதாது. மெட் என்கெஃபலின், மார்ஃபின், ஒலிசெரிடின் வேண்டும், எல்லாவற்றையும் விட பியூப்ரினார்ஃபின் வேண்டும். அது பலம் குறைந்த தூண்டி என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. உங்கள் கணக்கில் பியூப்ரினார்ஃபினும் ‘ஜி புரதச் சார்பு’ என்று வந்தால் உங்கள் சோதனை அளப்பது பலத்தை.

சாய்வுக்கோடு பதில்:

மேலே சொன்னதோடு சில சேர்க்கைகள்.

எச்.டி.ஆர்.எஃப். விகிதத்தை அப்படியே வளைகோட்டில் போட்டீர்களா, தர வளைகோடு (தெரிந்த செறிவுகளை வைத்து எடுத்தது) வழியாக நானோமோலாருக்கு மாற்றிய பிறகு போட்டீர்களா? அந்த விகிதம் சைக்ளிக் ஏ.எம்.பி.யோடு நேர்கோட்டில் போவதில்லை. ஃபார்ஸ்கோலின் 10 மைக்ரோமோலார், அதோடு ஐ.பி.எம்.எக்ஸ். என்றால், வெல்லில் செல் எண்ணிக்கை அதிகமிருக்கும்போது தர வளைகோட்டின் தட்டையான வாலில் போய் உட்கார்ந்துவிடும். அங்கே சைக்ளிக் ஏ.எம்.பி. பாதியாகக் குறைந்தாலும் விகிதம் அசையாது. முதலில் ஃபார்ஸ்கோலினுக்கே ஒரு வளைகோடு எடுங்கள், அதன் 80% பதில் தரும் அளவைப் பிடியுங்கள், அது தர வளைகோட்டின் சாய்வான பகுதியில் விழும்படி செல்லைக் குறையுங்கள். வெல்லுக்கு 2,000 முதல் 5,000 செல்கள் வரை முயன்று பாருங்கள். பெர்ட்டுசிஸ் நச்சு 100 நானோகிராம்/மி.லி. முந்தைய இரவே போட்ட ஒரு வரிசையும் இருக்கட்டும். ஜிஐ/ஓ (சைக்ளிக் ஏ.எம்.பி.யைக் குறைக்கும் ஜி புரத வகை) வழி என்றால் பதில் காணாமல் போக வேண்டும். அதே குடும்பத்து ஜிஇசட் மட்டும் இந்த நச்சுக்கு அசையாது, அதை நினைவில் வையுங்கள்.

அடுத்து பிழைக் கணக்கு. இதில்தான் நிறையப் பேர் சறுக்குகிறார்கள். ஒரு சார்பு எண்ணுக்குள் நான்கு அளவீடுகள் இருக்கின்றன: இரண்டு மருந்து, இரண்டு வழி. ஒவ்வொன்றின் லாக் டௌ/கே.ஏ.விலும் திட்டப் பிழை 0.10 என்று வைத்தால் (மோசமான பிழை ஒன்றும் இல்லை) நான்கும் சேர்ந்து 0.20. வித்தியாசம் 0.91 என்றால் 95% இடைவெளி தோராயமாக 0.52 முதல் 1.30 வரை. அடுக்காக மாற்றினால் 3 முதல் 20 மடங்கு. அதுவும் 1.96 என்ற பெருக்கியை எடுத்துக்கொண்டால். மூன்றே முறை செய்த சோதனைக்கு டி அட்டவணை மதிப்பு இதைவிடப் பெரிது, இடைவெளி இன்னும் விரியும். சராசரி எடுப்பது, இடைவெளி போடுவது, ஒப்பிடுவது எல்லாம் லாக் அளவில் நடக்கட்டும். கடைசியில் ஒரே ஒரு முறை அடுக்காக மாற்றுங்கள். மூன்று நாளின் மடங்குகளை நேரடியாகச் சராசரி எடுத்தால் பெரிதாக வந்த நாள் மற்ற இரண்டையும் விழுங்கிவிடும். ஒரே தட்டின் மூன்று வெல்கள் மூன்று சோதனை ஆகாது என்பதையும் சொல்லித் தொலைக்க வேண்டியிருக்கிறது.

செல் வேறு, நேரம் வேறு என்பதும் உறுத்துகிறது. எச்.இ.கே.யில் 30 நிமிடம், சி.எச்.ஓ.வில் 90 நிமிடம். ஜி.ஆர்.கே. அளவே இரண்டிலும் வேறு. டி2 டோபமைன் ஏற்பியில் 2016-இல் வந்த ஒரு ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டியது: மெதுவாக ஒட்டி மெதுவாக விலகும் மருந்துகளுக்கு, எந்த நிமிடத்தில் படிக்கிறோம் என்பதை வைத்தே சார்பு கூடியது, குறைந்தது, சில சமயம் திசையே மாறியது. இரண்டு சோதனையையும் ஒரே செல்லில், ஒரே வெப்பநிலையில், ஒரே நிமிடங்களில் எடுங்கள்.

எச்12 எழுதியது:

விகிதத்தைத்தான் நேராகப் போட்டிருக்கிறேன். அது என் தவறு, மாற்றுகிறேன். இரண்டு வழியையும் ஒரே செல்லில் எடுக்க பெருக்கம் இல்லாத ஜி புரதச் சோதனை எது? ட்ரூபாத் (ஜி புரதத் துண்டுகள் பிரிவதை ஒளியால் அளக்கும் முறை) போதுமா?

பழைய_பிப்பெட் பதில்:

போதும், ஆனால் அதற்கென்று சில குணங்கள் உண்டு. ஜி புரதத்தின் ஆல்ஃபா துண்டில் ஆர்.லூக்8 என்ற ஒளி நொதி, காமா துண்டில் ஜி.எஃப்.பி.2 என்ற ஒளிர் புரதம். தூண்டினால் இரண்டும் விலகும், பி.ஆர்.இ.டி. விகிதம் (நொதியிலிருந்து ஒளிர் புரதத்துக்குத் தாவும் ஆற்றலின் அளவு) இறங்கும். ஏற்பி, ஆல்ஃபா, பீட்டா, காமா நான்கு பிளாஸ்மிடும் 1:1:1:1. மறுநாள் பாலி லைசின் பூசிய வெள்ளை 96 வெல் தட்டுக்கு மாற்றுங்கள், வெல்லுக்கு 25 முதல் 35 ஆயிரம் செல். அதற்கு மறுநாள் ஊடகத்தை உறிஞ்சிவிட்டு, எச்.பி.எஸ்.எஸ்.ஸில் 20 மில்லிமோலார் ஹெப்பீஸ் கலந்த கரைசல் 60 மைக்ரோலிட்டர். ஒளி நொதி எரிக்கும் வினைப்பொருளான கோலென்டெரசீன் 400ஏ, 50 மைக்ரோமோலார் கரைசலிலிருந்து 10 மைக்ரோலிட்டர், 5 நிமிடம். பிறகு மருந்து 30 மைக்ரோலிட்டர், இன்னொரு 5 நிமிடம், படியுங்கள். 395-உம் 510-உம் வடிகட்டிகள். தட்டின் அடியில் வெள்ளை ஒட்டுத்தாள் ஒட்ட மறந்தால் ஒளி கீழே கசியும்.

தகராறு கோலென்டெரசீனில் வரும். வெளிச்சம் பட்டால் கெடும், நீர்க் கரைசலில் தானாகவே ஆக்சிஜனேற்றம் ஆகும். தட்டைத் தயாராக வைத்துக்கொண்டு கடைசி நிமிடத்தில் கலக்குங்கள். சேர்த்த பிறகும் ஒளி சில நிமிடங்களில் இறங்கிவிடும். பியூப்ரினார்ஃபின் போல மெதுவாக ஏறும் மருந்தை 5 நிமிடத்தில் படித்தால் உச்சமும் வீரியமும் குறைந்தே தெரியும். அப்படிப்பட்ட மருந்துக்கு வரிசையை மாற்றுங்கள்: முதலில் மருந்து, 30 அல்லது 60 நிமிடம் காத்திருப்பு, கடைசியில் கோலென்டெரசீன். கொழுப்பில் கரையும் சேர்மம் என்றால் நீர்ப்புத் தட்டின் பிளாஸ்டிக்கில் ஒட்டிக்கொண்டு குறைந்த செறிவுகளில் காணாமல் போகும், கரைசலில் 0.1% பி.எஸ்.ஏ. இருக்கட்டும். டி.எம்.எஸ்.ஓ. எல்லா வெல்லிலும் ஒரே அளவு.

ட்ரூபாத்திலும் கொஞ்சம் பெருக்கம் உண்டு, ஒரு ஏற்பி பல ஜி புரதத்தைத் திறக்கும். அதைவிடக் கறாராக வேண்டுமென்றால் மினி ஜி (சிறிதாக்கிய ஜி புரதம்) அல்லது நேனோபாடி 33 (தூண்டப்பட்ட ஏற்பியைப் பிடிக்கும் சிறு எதிர்ப்பொருள்) ஏற்பியில் வந்து ஒட்டுவதை அளக்கலாம். அது அரெஸ்டின் போலவே ஒன்றுக்கு ஒன்று. அரெஸ்டின் பக்கம், முடிவில் ஒருமுறை மட்டும் படிக்கும் அந்த கிட்டை விட்டுவிட்டு, உயிருள்ள செல்லில் பி.ஆர்.இ.டி. அல்லது நேனோபிட் (இரு துண்டு சேர்ந்தால் ஒளி தரும் நொதி) போடுங்கள். ஜி.ஆர்.கே.2 கூடுதலாகக் கொடுத்த செல்லும் கொடுக்காத செல்லும் பக்கத்தில் பக்கத்தில். கொடுத்ததும் உங்கள் சேர்மத்தின் 12% 50-க்கு ஏறினால், ‘அரெஸ்டினைக் கூப்பிடாத மருந்து’ என்ற பேச்சு அதோடு முடிந்தது.

பிறகு ஒரு படம் வரையுங்கள். கிடையச்சில் மினி ஜி உச்சம், நிலையச்சில் அரெஸ்டின் உச்சம், எல்லா மருந்தும் ஒரே படத்தில். பியூப்ரினார்ஃபின், மார்ஃபின், டாம்கோ மூன்றும் ஒரு வளைகோட்டில் உட்காரும். உங்கள் புள்ளி அந்தக் கோட்டிலேயே விழுந்தால் சார்பு இல்லை. கோட்டை விட்டுத் தெளிவாகக் கீழே விழுந்தால் பேசலாம்.

நாடித்துடிப்பு பதில்:

எலிக் கேள்வியை யாரும் தொடவில்லை.

இந்தக் கதை தொடங்கியது 1999-இல். பீட்டா அரெஸ்டின்2 இல்லாத எலிகளில் மார்ஃபின் வலியை இன்னும் அதிகமாகவும் நீண்ட நேரமும் தணித்தது என்று டியூக் பல்கலைக்கழகக் குழு காட்டியது. 2005-இல் அதே வகை எலிகளில் மூச்சு மந்தமும் மலச்சிக்கலும் குறைவு என்று வந்தது. அரெஸ்டினை விலக்கினால் பக்க விளைவு விலகும் என்ற எண்ணத்தில்தான் ஒலிசெரிடின் (2013), பி.இசட்.எம்.21 (2016) எல்லாம் வந்தன.

பிறகு ஒவ்வொன்றாகக் கழன்றது. 2018-இல் பி.இசட்.எம்.21 எலியின் மூச்சை மார்ஃபின் போலவே மந்தமாக்கியது. 2019-இல், ஏற்பியின் வாலில் பாஸ்பேட் ஏறும் 11 இடங்களையும் அலனீனாக மாற்றிய எலிகளில் ஓபியாய்டின் மூச்சு மந்தமும் மலச்சிக்கலும் அப்படியே இருந்தன. 2020-இல் மூன்று ஆய்வகங்கள் தனித்தனியாக அரெஸ்டின்2 இல்லாத எலிகளுக்கு மார்ஃபின் கொடுத்துப் பார்த்தன. மூன்றிலும் மூச்சு மந்தமானது. கொஞ்சம் யோசித்தால் இதில் ஆச்சரியமும் இல்லை. மூச்சின் தாளத்தைப் போடும் நியூரான்களை ஓபியாய்டு அடக்கும் ஒரு முக்கிய வழி, ஜி புரதத்தின் பீட்டா-காமா துண்டு திறக்கும் கிர்க் பொட்டாசியம் வாயில். ஜி புரதத்தை மட்டும் தூண்டும் மருந்து அந்த வாயிலை எப்படித் திறக்காமல் இருக்கும்?

அதே 2020-இல் வந்த இன்னொரு ஆய்வு ஒலிசெரிடின், பி.இசட்.எம்.21, எஸ்.ஆர்.17018 (இன்னொரு சார்புச் சேர்மம்) எல்லாவற்றையும் பெருக்கம் குறைந்த சோதனைகளில் போட்டுப் பார்த்து, இவற்றின் பாதுகாப்பு இடைவெளி சார்போடு அல்ல, உள்ளார்ந்த பலத்தோடு பொருந்துகிறது என்றது. வலி தணிய குறைந்த பலம் போதும், மூச்சு அடங்க அதிகப் பலம் வேண்டும் என்பது வாதம். பியூப்ரினார்ஃபின் பல காலமாகச் சொல்லிக்கொண்டிருப்பதும் அதைத்தான். எஸ்.ஆர்.17018 பற்றி வாக்குவாதம் இன்னும் ஓயவில்லை; அதன் குழு 2017-இல் சார்பும் பாதுகாப்பும் கைகோத்துப் போகின்றன என்று காட்டியிருந்தது.

ஒலிசெரிடின் மருந்தாக வந்தது உண்மைதான். 2018 அக்டோபரில் அமெரிக்க எஃப்.டி.ஏ.வின் ஆலோசனைக் குழு 8-க்கு 7 என்று எதிராக வாக்களித்தது, 2020 ஆகஸ்டில் ஒப்புதல் கிடைத்தது. ஆனால் அதன் லேபிளைப் படியுங்கள். மூச்சு மந்தம் பற்றிய கட்டமிட்ட எச்சரிக்கை மற்ற ஓபியாய்டுகளுக்குப் போலவே இருக்கிறது. மூன்றாம் கட்டச் சோதனைகளில் மூச்சுப் பாதுகாப்புக்கான அளவுகோலில் மார்ஃபினை விடப் புள்ளியியல்படி மேல் என்று காட்ட முடியவில்லை. போதாக்குறைக்கு இதயத்தின் கியூ.டி. (ஈ.சி.ஜி.யில் தெரியும் ஒரு இடைவெளி) நீளும் என்பதால் ஒரு நாளைக்கு மொத்தம் 27 மி.கி. தாண்டக்கூடாது. மருந்தைச் சிதைக்கும் சி.ஒய்.பி.2டி6 நொதி பலவீனமாக உள்ளவர்களுக்கு மருந்து மெதுவாக வெளியேறும், டோஸ்களுக்கு இடைவெளி கூட்ட வேண்டும். ‘ஒலிசெரிடின் மாதிரி பாதுகாப்பானது’ என்ற வாக்கியத்தை இப்போதே அடித்துவிடுங்கள்.

எலிக்குப் போவதானால் இவற்றைப் பாருங்கள். முழு உடல் பிளெதிஸ்மோகிராஃபி (கூண்டுக் காற்றின் மாற்றத்தால் மூச்சை அளப்பது), அடைத்துப் பிடிக்காமல் திரிய விட்ட எலி, முதல் நாளே கூண்டுக்குப் பழக்கம். 5% கரியமில வாயு கலந்த காற்று கொடுத்தால் அடிப்படை மூச்சு உயர்ந்து நிலையாக இருக்கும், குறைவது பளிச்சென்று தெரியும். சி57 கறுப்பு எலி ஓபியாய்டு ஏறியதும் கூண்டைச் சுற்றிச் சுற்றி ஓடும். ஓடும் எலிக்கு மூச்சு கூடும், மந்தம் மறைந்துவிடும். வலிச் சோதனையில் வெட்டு நேரத்தை (காயம் படாமல் சோதனையை நிறுத்தும் உச்ச நேரம்) தொட்ட டோஸ்களை வைத்து ஈ.டி.50 (பாதி விளைவு தரும் டோஸ்) போடாதீர்கள், கூரையில் முட்டிய பிறகு எல்லா டோஸும் ஒன்றுதான். ஒப்பீடு எப்போதும் சம வலித்தணிப்பு டோஸில், பியூப்ரினார்ஃபின் குழுவும் சேர்த்து. ஆனால் மேலே பழைய_பிப்பெட் சொன்ன படம் வரும்வரை ஒரு எலியையும் தொட வேண்டாம் என்பதே என் யோசனை.

எச்12 எழுதியது:

அனைவருக்கும் நன்றி. கடைசியாக இரண்டு. பீட்டா ஃபனல்ட்ரெக்ஸமின் உடனே கிடைக்காது போலிருக்கிறது, மாற்று உண்டா? எல்லாம் சரியாக வந்து புள்ளி கோட்டுக்குக் கீழே விழுந்தால் கட்டுரையில் எப்படி எழுதுவது?

சாய்வுக்கோடு பதில்:

மாற்று: மெத்தோசின்னமாக்ஸ், அதுவும் ம்யூவில் ஒட்டினால் விடாது. அதுவும் இல்லையென்றால் டெட்ராசைக்ளின் தூண்டலில் ஏற்பி வரும் செல் வரிசை. டாக்சிசைக்ளினை நான்கைந்து அளவில் கொடுத்து, ஏற்பி அடர்த்தியை ஒவ்வொரு முறையும் கதிரியக்க லிகண்ட் பிணைப்பால் அளந்து எழுதுங்கள். அளக்காமல் ‘குறைந்த வெளிப்பாடு’ என்று மட்டும் எழுதினால் யாரும் ஏற்கமாட்டார்கள்.

எழுதும் விதம்: 2022-இல் பிரிட்டிஷ் மருந்தியல் இதழில் இதற்கென்றே சமூக வழிகாட்டுதல் வந்திருக்கிறது, அதன் சாரம் இதுதான். ‘சார்புள்ள மருந்து’ என்று மொட்டையாக எழுதாதீர்கள். எதோடு ஒப்பிட்டு, எந்த வழிக்கு எதிராக எந்த வழி, எந்த செல், எத்தனையாவது நிமிடம் என்று நான்கும் ஒரே வாக்கியத்தில் வரட்டும். உங்கள் விஷயத்தில்: ‘எச்.இ.கே.293 செல்லில், 37 பாகையில், 10-ஆவது நிமிடத்தில், டாம்கோவோடு ஒப்பிடும்போது, பீட்டா அரெஸ்டின்2 சேர்வதை விட ஜிஐ2 பிரிவதில் சார்பு. லாக் வித்தியாசம் இவ்வளவு, 95% இடைவெளி இவ்வளவு.’ அதற்கு அடுத்த வரியிலேயே பியூப்ரினார்ஃபினுக்கு அதே கணக்கில் வந்த எண். தலைப்பில் ‘பாதுகாப்பான’ என்ற சொல் வேண்டாம்.